பத்தொன்பது வயதில் நாட்டுக்கு ஆடியவர்கள்

பெண்கள் கால்பந்தில் இளையோர் உலகப் போட்டி அண்மைக்காலத்து ஏற்பாடு. ஆண்களுக்கான இளையோர் உலகப் போட்டியை ஃபிஃபா 1977-ஆம் ஆண்டே துனீசியாவில் தொடங்கிவிட்டது. பெண்களுக்கு அது வர மேலும் 25 ஆண்டுகள் ஆயின. 2002-இல் கனடாவில், 12 நாடுகள் கலந்துகொள்ள, 19 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான முதல் போட்டி நடந்தது. 2006-இல் வயது வரம்பு 20 ஆக உயர்ந்தது. 2008-இல் நியூசிலாந்தில் 17 வயதுக்கு உட்பட்டோருக்கும் தனிப் போட்டி வந்தது. 2002-இன் அந்த முதல் மேடையில் ஆடி, மூத்த அணிக்குப் போய் அல்லது போகாமல், ஓய்வும் பெற்று, வேறு வேலைகளில் நிலைகொண்டுவிட்ட தலைமுறை இப்போதுதான் நாற்பதைத் தொட்டிருக்கிறது. ஒரு வீராங்கனையின் வாழ்க்கையை இளையோர் அணியிலிருந்து ஓய்வுக்குப் பிந்தைய காலம்வரை தொடர்ந்து பார்த்துச் சொல்ல இப்போதுதான் வாய்ப்பு அமைந்திருக்கிறது.

இளையோர் அணியில் இடம் பிடிப்பது திறமைக்குக் கிடைக்கும் சான்று. அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன ஆகிறார் என்பதைப் பெரும்பாலும் திறமை தீர்மானிப்பதில்லை. அவருக்கு இருபத்திரண்டு வயதாகும்போது அவரது நாட்டில் சம்பளம் கொடுக்கும் லீக் நடக்கிறதா, முழங்கால் தாங்குகிறதா, கையில் ஒரு படிப்போ வேலையோ இருக்கிறதா என்பவையே தீர்மானிக்கின்றன. ஆண்களில் இளையோர் அணி வீரர் ஒருவர் மூத்த அணிக்குப் போகாவிட்டாலும் ஏதோ ஒரு நாட்டின் இரண்டாம் பிரிவு லீக்கில் பதினைந்து ஆண்டுகள் ஆடிக் குடும்பம் நடத்திவிடுவார். பெண்களுக்கு அந்த இடைத்தட்டு நெடுங்காலம் இருந்ததே இல்லை. மேலே தேசிய அணி, கீழே வேறு வேலை. நடுவில் ஏதுமில்லை.

இதற்கு நல்ல சான்று 2002-ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் மோதிய இரண்டு அணிகள். செப்டம்பர் 1 அன்று எட்மன்டன் நகரின் காமன்வெல்த் மைதானத்தில் கனடாவும் அமெரிக்காவும் மோதின. பார்க்க வந்தவர்கள் 47,784 பேர். இளையோர் பெண்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டம் வரும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. கோல் இன்றி முடிந்த ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. முதல் கோல் அடித்தவுடன் ஆட்டம் முடியும் ‘கோல்டன் கோல்’ விதி அப்போது நடைமுறையில் இருந்தது. 109-ஆவது நிமிடத்தில் அமெரிக்காவின் லிண்ட்சே டார்ப்லி அந்தக் கோலை அடித்தார். போட்டியின் சிறந்த வீராங்கனை விருதும், 10 கோல்களுக்கான தங்கக் காலணியும் தோற்ற அணியின் கிறிஸ்டீன் சின்கிளேருக்குப் போயின.

சின்கிளேர் அதன்பின் நடந்து வந்த பாதை எல்லோரும் அறிந்தது. 16 வயதில் மூத்த அணிக்கு ஆடத் தொடங்கியவர், 2023-இல் விடைபெறும்போது 190 சர்வதேசக் கோல்கள் அடித்திருந்தார். ஆண், பெண் இரு பாலாரிலும் அந்த எண்ணிக்கையை யாரும் எட்டியதில்லை. டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கமும் வென்றார். அதே 2002 போட்டியில் பிரேசிலுக்காக ஆடிய 16 வயது மார்த்தா, 2004-இல் ஸ்வீடனின் உமேயா கிளப்புக்குப் போய், பின்னாளில் ஆறு முறை உலகின் சிறந்த வீராங்கனை ஆனார். இளையோர் போட்டிகளின் பயனைப் பேச வேண்டுமென்றால் ஃபிஃபா எடுத்து வைக்கும் பெயர்கள் இவை. ஆனால் இவர்கள் இருவரும் விதிவிலக்குகள். விதிவிலக்குகளை வைத்து ஒரு தொழிலின் இயல்பை அளக்க முடியாது. அவர்களோடு அதே புல்தரையில் நின்ற மற்றவர்களைப் பார்க்க வேண்டும்.

காரா லாங் அந்த இறுதி ஆட்டத்தில் கனடாவுக்காக ஆடியபோது அவருக்கு வயது 15. அதே ஆண்டு மூத்த அணியிலும் ஆடி, கோலும் அடித்துவிட்டார். தொலைவிலிருந்து அவர் உதைக்கும் பந்தின் வேகம் அந்த வயதுப் பெண்களிடம் பார்க்க முடியாத ஒன்று. சின்கிளேருக்கு அடுத்த பெயராக அவரைத்தான் எல்லோரும் சொன்னார்கள். வலது முழங்காலின் ஏசிஎல் தசைநார் ஒரு முறை கிழிந்தது. அறுவை சிகிச்சை செய்து, ஆறி, திரும்பி வந்தார். மறுபடியும் கிழிந்தது. 2011-இல் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது 24. மற்றவர்கள் உச்சத்தைத் தொடும் வயது அது. 92 ஆட்டங்கள், 34 கோல்கள் என்ற கணக்கோடு ஆட்டம் முடிந்தது. அதன்பின் தொலைக்காட்சியில் கால்பந்து விமர்சகராகவும் தொகுப்பாளராகவும் ஆனார். ஆட்டம் அவரைக் கைவிட்டபோதும் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு அவருக்குத் தொழிலாயிற்று.

எதிர் அணியில் கோல்டன் கோல் அடித்த டார்ப்லிக்கும் முழங்காலே முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் அதற்குமுன் அவர் பெற வேண்டியதைப் பெற்றுவிட்டார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் கோல் அடித்துத் தங்கம், 2008-இல் மீண்டும் தங்கம். 2011 உலகக் கோப்பைக்குப் புறப்படுமுன் ஜப்பானுக்கு எதிராக நடந்த வழியனுப்பு ஆட்டத்தில் ஏசிஎல் கிழிந்தது. அதே 2002 அமெரிக்க அணியின் ஹெதர் ஓ’ரைலி மூன்று ஒலிம்பிக் தங்கங்களும் 2015 உலகக் கோப்பையும் வென்று, 2019-இல் ஓய்வு பெற்றார். ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடியதில்லையே என்ற குறை மட்டும் அவருக்கு இருந்தது. 2022-இல், 37 வயதில், அயர்லாந்தின் ஷெல்போர்ன் கிளப்பில் சேர்ந்து அதையும் ஆடிவிட்டார். இப்படி ஆசைக்காகத் திரும்பி வருகிற வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

இவர்களைவிடக் கூடுதலாகக் கற்றுத் தருவது அந்த அமெரிக்க அணியின் தடுப்பு வரிசையில் நின்ற ரேச்சல் ப்யூலரின் வாழ்க்கை. எதிரணி முன்கள வீராங்கனைகளைப் புல்டோசர் மாதிரி இடித்துத் தள்ளுவார் என்பதால் அவர் பெயரையே திரித்துப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனித உயிரியல் படித்தார். 2008, 2012 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார். 2015-இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். கனடா அணியின் கிளேர் ரஸ்டாடும் மருத்துவர்தான். 2008 ஒலிம்பிக்கில் கனடாவுக்காக ஆடியவர். ஒரே இறுதி ஆட்டத்தின் இரு அணிகளிலிருந்தும் மருத்துவர்கள் வந்தது தற்செயல் அன்று. அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டத்துக்குப் பிறகு கல்லூரிகள் ஆண்களுக்குக் கொடுப்பதற்கு ஈடாகப் பெண்களுக்கும் விளையாட்டு உதவித்தொகை கொடுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கப் பெண்களுக்கும், எல்லை தாண்டி வந்து படித்த கனடாப் பெண்களுக்கும் இளையோர் அணியிலிருந்து அடுத்த படி கிளப் அல்ல, பல்கலைக்கழகம். சம்பளம் வாங்கக் கூடாது என்ற கல்லூரி விளையாட்டு விதி அவர்களை நான்கு ஆண்டுகள் காசில்லாமல் ஆட வைத்தது. ஆனால் பட்டத்தோடு வெளியே அனுப்பியது. பெண்கள் கால்பந்தின் வரலாற்றில் மிக நம்பகமான ஓய்வூதியத் திட்டம் அந்தப் பட்டம்தான்.

அந்தப் பட்டத்தோடு வெளியே வந்தவர்களுக்குத் தொழில்முறைக் களம் காத்திருக்கவில்லை. 2001-இல் தொடங்கிய டபிள்யூயுஎஸ்ஏ என்ற அமெரிக்க லீக், 2003 செப்டம்பரில், உலகக் கோப்பை தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது கடையைக் கட்டியது. அடுத்த லீக்கான டபிள்யூபிஎஸ் 2009-இல்தான் வந்தது. அதுவும் மூன்று பருவங்களோடு மூடப்பட்டது. 2002 இளையோர் அணியினர் கல்லூரி முடித்த காலம் 2005, 2006. சரியாக அந்த இடைவெளி. மூத்த தேசிய அணியில் ஒப்பந்தம் கிடைத்த பத்துப் பதினைந்து பேர் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். மற்றவர்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஆட இடமில்லை. நடப்பு லீக்கான என்டபிள்யூஎஸ்எல் 2013-இல் தொடங்கியபோதுகூடக் குறைந்தபட்சச் சம்பளம் ஒரு பருவத்துக்கு 6,000 டாலர்தான். அந்தப் பணத்தில் வாடகை கொடுக்க முடியாததால் வீராங்கனைகள் உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டு அறைகளில் தங்கி ஆடினார்கள்.

இங்கிலாந்திலும் கதை வேறில்லை. இளையோர் அணிகளில் ஆடி வந்த லூசி பிரான்ஸ், கல்லூரிக் காலத்தில் டாமினோஸ் பீட்சாக் கடையில் வேலை பார்த்துக்கொண்டுதான் பயிற்சிக்குப் போனார். பின்னாளில் அவரே ஐரோப்பாவின் சிறந்த வீராங்கனை விருது பெற்றார். இங்கிலாந்தின் முதல்நிலைப் பெண்கள் லீக் முழுமையாகத் தொழில்முறைக்கு மாறியது 2018-இல். அந்த மாற்றத்தின் பயனைப் பெற முடியாதபடி சில ஆண்டுகள் முந்திப் பிறந்துவிட்ட எத்தனையோ பேர் பீட்சாக் கடையிலேயே நின்றுபோனார்கள்.

முழங்காலைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் மைதானங்களில் ‘லிகமென்ட் போயிடுச்சு’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஏசிஎல் தசைநாரைத்தான். தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகப் பிணைத்து வைத்திருக்கும் நார் இது. எதிராளி மோதித்தான் கிழிய வேண்டும் என்பதில்லை. ஓடி வந்து சட்டென்று நின்று திரும்பும்போது, எகிறிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது தானே கிழிந்துவிடும். ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு முதல் எட்டு மடங்குவரை கூடுதலாக நேர்வதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதிலும் பதின்பருவத்தின் பிற்பாதியில் ஆபத்து மிகுதி. இளையோர் சர்வதேசப் போட்டிகள் நடப்பதும் அதே வயதில்தான். இடுப்பின் அமைப்பு, தசை வலு வளருமுன் கூடிவிடும் உயரம், ஆண்களின் பாதத்துக்கு வடிவமைத்த காலணி, பள்ளி அணி, கிளப், மாநிலம், நாடு என்று நான்கு இடங்களில் ஓய்வில்லாமல் ஆடும் சுமை எல்லாம் காரணங்களாகப் பேசப்படுகின்றன. 2002 அமெரிக்க அணியின் தடுப்பாட்ட வீராங்கனை ஏமி ஸ்டெட்மன் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது நாட்டின் மிகச் சிறந்த இளம் தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். அடுத்தடுத்துப் பலமுறை முழங்கால் அறுவை சிகிச்சைக்கு உள்ளாகி, மூத்த அணிப் பக்கமே போகாமல் ஆட்டத்தை விட்டார். மைக்கேல் சொகலோவ் 2008-இல் எழுதிய ‘வாரியர் கேர்ல்ஸ்’ என்ற நூலில் அவர் கதை விரிவாக இருக்கிறது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஃபிஃபாவின் மருத்துவக் குழு வகுத்த ‘லெவன் பிளஸ்’ என்ற இருபது நிமிட வார்ம்-அப் பயிற்சி, தொடைத் தசைகளையும் இறங்கும் முறையையும் பழக்கி, காயங்களைக் கணிசமாகக் குறைக்கிறது. செலவு ஏதுமில்லை, கருவி வேண்டாம். இருந்தும் பள்ளி அளவில் பயிற்சியாளர்கள் அதைச் செய்ய வைப்பது அபூர்வம். பந்தைத் தொடாமல் இருபது நிமிடம் போவதா என்ற பொறுமையின்மைதான் காரணம்.

தலையில் அடிபடுவது இன்னொரு வகை. அதே 2002 அணியின் லோரி சலுப்னி 2008 ஒலிம்பிக் தங்கம் வென்றவர். தலையதிர்ச்சி வரலாற்றைக் காரணம் காட்டி அமெரிக்க சம்மேளனம் அவரைத் தேசிய அணியில் ஆட அனுமதிக்க மறுத்தது. கிளப் ஆட்டங்களில் மட்டும் அவர் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தார். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து 2014-இல் திரும்ப அழைக்கப்பட்டு, 2015-இல் உலகக் கோப்பையை வென்று, ஓய்வு பெற்று, தம் ஊரான செயின்ட் லூயிஸ் பகுதியின் மேரிவில் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளரானார். பயிற்சியாளர் பணிதான் முன்னாள் வீராங்கனைகளில் மிகப் பலர் போய்ச் சேரும் இடம். கனடாவின் கார்மலினா மொஸ்காட்டோ மெக்சிகோவுக்குப் போய், டிக்ரேஸ் பெண்கள் அணிக்கு 2022-இல் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

இளையோர் அணியில் காட்டிய ஆட்டத்தையே மூத்த அணியிலும் காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2004-இல் தாய்லாந்தில் நடந்த அடுத்த போட்டியில் 7 கோல்களோடு தங்கக் காலணி பெற்றவர் கனடாவின் பிரிட்டனி டிம்கோ. மூத்த அணியில் சின்கிளேர் இருக்கும்போது முன்களத்தில் இன்னொருவருக்கு வேலை குறைவு. டிம்கோ நடுக்களத்துக்கும் தடுப்பு வரிசைக்கும் மாறினார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியும் அடித்த கோல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற அணியில் இருந்தார். கோல்கீப்பர்கள் வேறு கணக்கு. ஆஷ்லின் ஹாரிஸ் 2002-இலும் 2004-இலும் அமெரிக்க இளையோர் அணியின் கோல்கீப்பர். மூத்த அணிக்கு முதல் ஆட்டம் ஆடியது 2013-இல். இரண்டு உலகக் கோப்பை வென்ற அணிகளில் இருந்தும், அவற்றில் ஒரு நிமிடம்கூடக் களமிறங்கவில்லை.

நாடு மாறியவர்களும் உண்டு. இளையோர் அணியில் ஆடியதால் மட்டும் ஒருவர் அந்த நாட்டோடு கட்டுண்டுவிடுவதில்லை. உரிய குடியுரிமை இருந்தால் மூத்த அணிக்கு வேறு நாட்டைத் தேர்ந்துகொள்ள விதி இடம் தருகிறது. சிட்னி லெரூ கனடாவில் பிறந்தவர், தந்தை அமெரிக்கர். 2004 தாய்லாந்துப் போட்டியில் கனடாவுக்காக ஆடியபோது 14 வயது, போட்டியிலேயே மிக இளையவர். 2008-இல் சிலியில் அமெரிக்காவுக்காக ஆடி, சிறந்த வீராங்கனை விருதையும் தங்கக் காலணியையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனார். கனடா ரசிகர்கள் அதை மறக்கவில்லை. 2013-இல் டொரன்டோவில் அவர் ஆடியபோது மைதானம் முழுக்கக் கூச்சலிட்டது. அவரும் கோல் அடித்துவிட்டு, சட்டையில் இருந்த அமெரிக்கச் சின்னத்தைப் பிடித்துக் காட்டி வாயில் விரல் வைத்தார்.

இளையோர் அணியிலிருந்து மூத்த அணிக்கு ஏறும் படியை ஜெர்மனி வேறு விதமாகக் கையாண்டது. 2004 இளையோர் போட்டியை வென்ற ஜெர்மன் அணியின் பயிற்சியாளர் சில்வியா நைட். அடுத்த ஆண்டே அவர் மூத்த அணியின் பொறுப்பை ஏற்றார். அவர் வளர்த்த பெண்களும் கூடவே மேலே வந்தார்கள். 2004 இறுதியில் சீனாவுக்கு எதிராகக் கோல் அடித்த சிமோன லாவ்டேர், 2007 உலகக் கோப்பை இறுதியில் பிரேசிலுக்கு எதிராகவும் கோல் அடித்தார். பயிற்சியாளரும் ஆட்டக்காரரும் ஒரே படிக்கட்டில் சேர்ந்து ஏறும் இந்த முறை ஜெர்மனிக்கு நன்றாகப் பலித்தது. அந்த அணியின் செலியா ஷாஷிச் 2015 உலகக் கோப்பையில் அதிகக் கோல் அடித்து, ஐரோப்பாவின் சிறந்த வீராங்கனையாகி, அதே கோடையில் 27 வயதில் ஓய்வு பெற்றார். பலருக்கு அது புரியவில்லை. 2022-இல் அவர் ஜெர்மன் கால்பந்து சம்மேளனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஜெர்மனியின் இன்னொரு வழக்கம், உச்சத்தில் இருக்கும்போதே ஒரு கைத்தொழிலைக் கற்றுவைப்பது. அலெக்ஸாண்ட்ரா பாப் 2010 இளையோர் உலகப் போட்டியில் 10 கோல்களோடு அத்தனை விருதுகளையும் அள்ளியவர். பையன்கள் மட்டும் படித்த கால்பந்துப் பள்ளியில் தனி அனுமதியோடு சேர்க்கப்பட்ட பெண். வோல்ஃப்ஸ்பர்க் கிளப்பில் ஆடிக்கொண்டே விலங்குக் காட்சிச்சாலைக் காப்பாளர் தொழிலுக்கான பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கினார். சாம்பியன்ஸ் லீக் வென்ற முன்கள வீராங்கனை, மறுபுறம் கூண்டு கழுவவும் தீனி வைக்கவும் கற்ற தொழிலாளி. ஜெர்மனியில் இதை யாரும் இழிவாகவோ விந்தையாகவோ பார்க்கவில்லை. தொழில் கற்காத ஆட்டக்காரரைத்தான் அங்கே கொஞ்சம் கவலையோடு பார்ப்பார்கள்.

திறமைக்கும் வாய்ப்புக்கும் இடையிலான பிளவு மிகத் துல்லியமாகத் தெரியும் இடம் வடகொரியா. 2016-ஆம் ஆண்டில் 17 வயதுக்கு உட்பட்டோர், 20 வயதுக்கு உட்பட்டோர் என இரண்டு உலகப் பட்டங்களையும் அந்நாடு வென்றது. அந்தப் பெண்கள் மூத்த உலகக் கோப்பையில் ஆடியிருக்க வேண்டியவர்கள். 2011 உலகக் கோப்பையில் ஐந்து வீராங்கனைகள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் 2015 உலகக் கோப்பைக்கு வடகொரியா தடை செய்யப்பட்டது. 2019-க்கான வழி, 2017 ஏப்ரலில் பியாங்யாங்கில் தென்கொரியாவோடு ஆடிய ஆட்டம் 1–1 எனச் சமனில் முடிந்து, கோல் வித்தியாசத்தில் அடைபட்டது. 2023-க்கான தகுதிச் சுற்றிலிருந்து கொரோனா காலத்தில் நாடே விலகிக்கொண்டது. ஆசிய அளவிலான போட்டிகள் மட்டும் மிஞ்சின. வெளிநாட்டுக் கிளப்புக்குப் போகும் வழியும் இல்லை. உலகின் சிறந்த பதினேழு வயதுக்காரர்கள் இருபத்தைந்தைத் தாண்டியும் உலகக் கோப்பை மைதானத்தை மிதிக்கவில்லை.

தென்கொரியாவில் யோ மின்ஜி 2010-இல் 17 வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் 8 கோல்கள் அடித்து, கோப்பை, சிறந்த வீராங்கனை, தங்கக் காலணி மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். தென்கொரியா ஆண், பெண் எந்தப் பிரிவிலும் வென்ற முதல் ஃபிஃபா பட்டம் அது. 2015 உலகக் கோப்பைக்குச் சில வாரங்கள் முன்பு ஏசிஎல் கிழிந்து அணியிலிருந்து விலகினார். 2019-இல் பிரான்ஸில் நார்வேக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். அந்தப் போட்டியில் தென்கொரியா அடித்த ஒரே கோல் அதுதான். ஒன்பது ஆண்டு இடைவெளியில் எட்டும் ஒன்றும்.

ஆப்பிரிக்காவுக்கு இளையோர் போட்டி என்பது கிட்டத்தட்டக் கடவுச்சீட்டு. நைஜீரியாவின் அசிசாட் ஒஷோவாலா 2014 கனடாப் போட்டியில் 7 கோல்கள் அடித்துச் சிறந்த வீராங்கனையானார். சில மாதங்களில் லிவர்பூல் அழைத்தது. பிறகு ஆர்சனல், சீனாவின் டாலியன், பார்சிலோனா. மூத்த அணி ஆட்டத்தை ஐரோப்பியத் தேர்வாளர்கள் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் இளையோர் உலகப் போட்டிக்கு அவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காருகிறார்கள். பிரேசிலின் மார்த்தாவும் இந்தக் கதவு வழியாகத்தான் போனார்.

கடந்த பத்தாண்டில் பாதைகளின் வரிசையே மாறத் தொடங்கியிருக்கிறது. 2021-இல் 15 வயது ஒலிவியா மவுல்ட்ரி, 18 வயது நிரம்பாதவர்கள் அமெரிக்க லீக்கில் ஆடக் கூடாது என்ற விதியை எதிர்த்து நீதிமன்றம் போய், போர்ட்லண்ட் அணியில் சேர்ந்தார். 2024-இல் அமெரிக்க லீக் கல்லூரியிலிருந்து ஆள் எடுக்கும் டிராஃப்ட் முறையையே கைவிட்டது. ஸ்பெயினின் சல்மா பாராயுவேலோ 2018-இல் 17 வயதுக்கு உட்பட்டோர், 2022-இல் 20 வயதுக்கு உட்பட்டோர், 2023-இல் மூத்தோர் என மூன்று உலகப் பட்டங்களையும் வென்றார். அவரோ 15 வயதில் ஐரோப்பிய உள்ளரங்கத் தடகளத்தில் 400 மீட்டர் ஓடியவர், கால்பந்தா ஓட்டமா என்று நெடுநாள் முடிவெடுக்காமல் இருந்தவர். கிளப்புகளின் பயிற்சிக் கூடங்களில் வளரும் இந்தத் தலைமுறைக்கு ஆட்டத்திலேயே பிழைப்பு உண்டு. கல்லூரிப் பட்டம் என்ற பழைய காப்பு மட்டும் மெல்ல நழுவுகிறது. மூன்றாவது ஆண்டில் முழங்கால் போனால் கையில் என்ன இருக்கும் என்ற கேள்வி, 2002 அணியைவிட இவர்களுக்குத்தான் கூர்மையானது.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாக ஒரே பதில்தான்: அரசு வேலை. மணிப்பூரின் பெம்பெம் தேவி 1990-களில் 15 வயதிலேயே நேராக மூத்த அணிக்குப் போனவர். இரண்டு தலைமுறைக்கு முன்னோடியான அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தது மணிப்பூர் காவல்துறை. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்புக்குப் போன பாலா தேவியும் மணிப்பூர் போலீஸ்தான். 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதியில் மதுரையின் சேது எஃப்சி 3–1 என்று வென்றது. எதிரணி மணிப்பூர் போலீஸ். கடலூரில் இருந்து இந்திய அணிக்கு வந்த இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2021-இல் கொரோனா பரவியபோது ஊரடங்கு நேரத்தில் சென்னைச் சாலையில் வண்டிகளை நிறுத்தி விசாரித்த காவலர்களில் அவரும் ஒருவர். ரயில்வே, காவல்துறை, மத்திய ஆயுதப்படைகள், தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இட ஒதுக்கீடு ஆகியவையே நாட்டுக்கு ஆடிய பெண்ணின் வீட்டில் அடுப்பெரிய வைக்கின்றன. இவை கிடைக்காதவர்கள் பி.பி.எட். முடித்துப் பள்ளியில் பி.டி. டீச்சராகவோ, டி-லைசென்ஸ் எடுத்து அகாடமிப் பயிற்சியாளராகவோ போகிறார்கள். அதுவும் கிடைக்காத பலர் திருமணத்தோடு பூட்ஸைக் கழற்றிவிடுகிறார்கள். சம்பளத்தைப் பொறுத்தவரை, முதல்நிலைக் கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் தர வேண்டும் என்று இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2023-இல்தான் தீர்மானித்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 அக்டோபரில், 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியாவே நடத்தியது. புவனேஸ்வரில் இந்திய அணி அமெரிக்காவிடம் 0–8, மொராக்கோவிடம் 0–3, பிரேசிலிடம் 0–5 என்று தோற்றது. அணித் தலைவி அஸ்தம் ஒராவோன் ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துச் சிற்றூர்க்காரர். மகள் உலகக் கோப்பையில் ஆடுகிறாள் என்பதற்காக ஊருக்கு அவசர அவசரமாகச் சாலை போட்டது மாவட்ட நிர்வாகம். அந்தச் சாலை வேலையில் நாளுக்கு 250 ரூபாய் கூலிக்கு மண் சுமந்தவர்களில் அவருடைய பெற்றோரும் இருந்ததை அன்றைய செய்தித்தாள்கள் எழுதின.

தோல்வி எண்ணிக்கையைப் பார்த்து அந்த அணியை ஒதுக்கித் தள்ளியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். அந்த அணிக்கு முந்தைய இளையோர் அணிகளில் ஆடிய பஞ்சாபின் மனிஷா கல்யாண் 2021-இல் பிரேசில் மண்ணில் பிரேசிலுக்கு எதிராகக் கோல் அடித்தார். அடுத்த ஆண்டு சைப்ரஸின் அப்போலோன் அணிக்காகச் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார். 2025 ஜூலையில் மூத்த அணி தாய்லாந்தை 2–1 என்று அதன் மண்ணிலேயே வென்று, தகுதிச் சுற்றின் வழியாக முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குத் தேறியது. அடுத்த மாதம் 20 வயதுக்கு உட்பட்டோர் அணி யாங்கோனில் மியான்மரை 1–0 என்று வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வயதுப் பிரிவின் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. அந்த அணியில் 2022-இல் புவனேஸ்வரில் எட்டுக் கோல் வாங்கிய பெண்களும் இருந்தார்கள். இவர்களில் யார் லீக் ஒப்பந்தத்தில் நிற்பார், யார் காவல்துறைத் தேர்வு எழுதுவார் என்பது அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் தெரிந்துவிடும்.